ஃப்ரீஸ்பேஸ் 2-க்கு வாரிசு என்று சொல்ல ஒரு விளையாட்டில் என்ன இருக்க வேண்டும்?

ஆல்ஃபா_ஒன்று:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நானும் இரண்டு நண்பர்களும் பதினான்கு மாதமாக ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்து ஒரு விண்வெளிச் சண்டை விளையாட்டு செய்துகொண்டிருக்கிறோம். பகலில் மூன்று பேருக்கும் வேறு பிழைப்பு. எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிற வேலை. இந்த ஆசை எங்கே பிடித்தது என்று கேட்டால் ஒரே பதில்தான்: ஃப்ரீஸ்பேஸ் 2 என்கிற விண்வெளிச் சண்டை விளையாட்டு.

அது 1999 செப்டம்பரில் வந்தது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் சாம்பெய்ன் ஊரில் இருந்த வோலிஷன் நிறுவனம் செய்தது, இன்டர்ப்ளே நிறுவனம் வெளியிட்டது. எனக்குக் கிடைத்தது 2002 கோடையில், ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு, அத்தை பையன் வீட்டுக் கணினியில். ஜாய்ஸ்டிக் கிடையாது, மவுஸை வைத்துத்தான் ஓட்டினேன். அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதில் பாதிதான் புரிந்தது. ஆனால் காமா டிராகோனிஸ் என்கிற நட்சத்திர மண்டலத்தில் க்னாசஸ் என்கிற அந்தப் புராதன வாசலைத் தாண்டி நெபுலாவுக்குள் நுழைகிற கட்டம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சுற்றிலும் மூட்டம். ரேடார் விட்டு விட்டு வேலை செய்கிறது. இப்போதுதான் பக்கத்தில் பறந்த கூட்டாளியின் கப்பல் தெரியவில்லை, அவன் குரல் மட்டும் வருகிறது. மூட்டத்துக்குள் ஒரு கறுப்பு உருவம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. நம்முடையதா, எதிரிகளான வேற்றுலக ஷிவன்களுடையதா என்று புரிவதற்குள் அதன் பீம் பீரங்கி சுட்டுவிடுகிறது. அத்தை சாப்பிடக் கூப்பிட்டது அன்றைக்கு என் காதில் விழவே இல்லை.

இப்போது எங்கள் விளையாட்டுக்கு வருகிறேன். கப்பல் நன்றாகப் பறக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வளைக்கும்போது லேசாக வழுக்கும், வேகத்தைக் குறைத்தால் சட்டென்று திரும்பும். வெடிப்பு, ஒளி, சத்தம் எல்லாம் 1999-ஐ விட எவ்வளவோ மேல். பன்னிரண்டு எதிரி ஃபைட்டர்கள் வரும், சுட்டு வீழ்த்த வேண்டும். முடிந்ததும் இன்னொரு பன்னிரண்டு வரும். அக்கா பையனுக்குப் பதினைந்து வயது. அவன் கையில் கொடுத்தேன். பத்து நிமிஷம் ஆடினான். "நல்லா இருக்கு மாமா" என்று கன்ட்ரோலரை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். திரும்பி வரவில்லை.

இடம் பெரிதாக வேண்டும் என்கிறான் ஒரு நண்பன். எலைட் டேஞ்சரஸ் விளையாட்டைப் பார், நம் பால்வீதியையே நிஜ அளவில் 40,000 கோடி நட்சத்திரங்களோடு வைத்திருக்கிறார்கள் என்கிறான். இன்னொருவன் பன்னிரண்டு ஃபைட்டரை நூறாக்கலாம் என்கிறான். இரண்டுமே எனக்கு மனசுக்கு ஒட்டவில்லை. எலைட்டுக்குப் பெரிய இடம் பொருத்தம்தான். 1984-இல் பிபிசி மைக்ரோ கணினியில் வந்த முதல் எலைட்டிலேயே எட்டு விண்மீன் திரள்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள் இருந்தன. ஊர் ஊராகப் போய் வாங்கி விற்பதுதான் அதன் உயிர். ஃப்ரீஸ்பேஸ் அப்படி இல்லையே. அதில் நாமாகப் போவதற்கு ஓர் இடமும் கிடையாது. உத்தரவு வரும், போவோம், சண்டை போடுவோம், திரும்புவோம். அப்படியும் அது மனசை விட்டுப் போகவில்லை.

ஃப்ரீஸ்பேஸ் 2-க்கு வாரிசு என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடிய ஒன்றைச் செய்ய வேண்டுமானால், அதிலிருந்து நாங்கள் எதை எடுத்துக்கொள்ள வேண்டும்?

மிஷன்_தச்சன்:

சகோதரரே, நான் பதினொரு வருஷமாக ஃப்ரெட்டில் மிஷன் செய்கிறவன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஃப்ரெட் என்பது ஃப்ரீஸ்பேஸோடு கூடவே கொடுத்த மிஷன் எடிட்டர். முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் விளையாட்டை ஆரம்பித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் என்ன ஆகும்? பன்னிரண்டு பேரும் உங்களைச் சூழ்ந்து சுட்டுக் கொல்வார்கள் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. அவர்களுக்கு அங்கே வேறு வேலையே இல்லை.

ஃப்ரீஸ்பேஸில் எதிரி அங்கே வந்திருப்பது ஒரு சரக்குக் கப்பலை உடைக்க, அல்லது தன் பெரிய கப்பலுக்குக் காவல் நிற்க. நாம் குறுக்கே வருகிறோம், அதனால் நம்மையும் சுடுகிறான். நாம் சும்மா இருந்தால் அவன் வந்த காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடுவான். சரக்குக் கப்பல் உடையும், அதிலிருந்து கடைசியாக ஒரு குரல் வரும், மிஷன் தோற்கும். போர் நமக்காகக் காத்திருக்காது. வாரிசுக்கு முதலில் வேண்டியது இது. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டால், அசல் மிஷன்களை, விளையாட்டின் எல்லாக் கோப்புகளையும் கட்டி வைத்திருக்கிற வி.பி. கோப்புகளிலிருந்து பிரித்தெடுத்து ஃப்ரெட்டில் திறந்து பாருங்கள். நான் முதன்முதலில் அப்படித் திறந்த ராத்திரி தூங்கவில்லை. ஒவ்வொரு கப்பலுக்கும் எப்போது வர வேண்டும், எப்போது போக வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் இருக்கும். இன்ன அணி அழிந்து பத்து வினாடி கழித்து வா, இன்ன கப்பல் தப்பித்துவிட்டால் கிளம்பு, இந்த மாதிரி. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலைப் பட்டியல்: இதற்குக் காவல் நில், அதன் எஞ்சினை முடக்கு, இந்தப் பாதையில் போ. ஆல்ஃபா 1-ஐ, அதாவது நம்மை, துரத்து என்று தனியாக எழுதியிருப்பதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பீம் பீரங்கி சங்கதி இன்னும் அழகு. ஃப்ரெட்டில் பெரிய கப்பல்களின் பீம்கள் பூட்டித்தான் இருக்கும். மிஷன் எழுதுகிறவர் 'இந்த நேரத்தில், இந்தக் கப்பலுக்கு அவிழ்த்துவிடு' என்று எழுதினால்தான் சுடும். இரண்டு பெரிய கப்பல்கள் நேருக்கு நேர் நின்று பீமால் அடித்துக்கொண்டால் சீக்கிரமே ஒன்று காலி. அந்த நேரம் எப்போது வர வேண்டும், அதற்கு முன்னால் நமக்கு எவ்வளவு அவகாசம் வேண்டும் என்பதை யாரோ உட்கார்ந்து அளந்து அளந்து வைத்திருக்கிறார்கள். நெபுலாவில் உங்களுக்கு வந்த பயமும் அப்படி அளந்து வைத்ததுதான்.

(கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

ஷிவன்களின் ராட்சதப் போர்க்கப்பல் சதானாஸ் வருகிற கட்டத்தை நினைத்துப் பாருங்கள். அதை எதிர்க்க நம் பக்கம் இருப்பது கொலோசஸ் ஒன்றுதான். இருபது வருஷம் கட்டிய கப்பல், நீளம் ஆறு கிலோமீட்டர். நம் கையில் இருப்பதோ ஒரு சின்னக் கப்பல். சதானாஸை நீ அழி என்று நம்மிடம் யாரும் சொல்வதில்லை. முன்பக்கத்து நாலு பீம் பீரங்கிகளை உடைத்துக் கொடு, மீதியைக் கொலோசஸ் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். மூன்றை உடைத்துவிட்டு நாலாவதுக்காக நான் எத்தனை தடவை செத்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. அப்புறம் கொலோசஸ் வந்து அதைச் சுட்டு முடிக்கும்போது, நம் கைவேலையும் அதில் இருக்கிறது என்று ஒரு நிறைவு வரும் பாருங்கள். அது நிலைக்கவும் விடமாட்டார்கள். பின்னால் அதே கொலோசஸ் இன்னொரு சதானாஸிடம் உடைந்து போகிறது. எண்பதுக்கும் மேற்பட்ட சதானாஸ்கள் கபெல்லா நட்சத்திரத்தைச் சூழ்கின்றன. நட்சத்திரமே வெடிக்கப் போகிறது. கடைசி மிஷனில் நமக்கு வெற்றி என்று ஒன்று கிடையாது. மக்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிற கப்பல்களுக்குக் காவல் நிற்கிறோம். நேரத்துக்குக் கிளம்பிப் பிழைக்கலாம், அல்லது நின்று அந்த வெடிப்பு அலையில் சாகலாம். இரண்டுக்கும் வேறு வேறு முடிவுரை. அதைப் பேசுகிற நம் தளபதி அட்மிரல் பெட்ரார்க்குக்குக் குரல் கொடுத்தவர் நடிகர் ராபர்ட் லோஜியா. இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

சரி, உங்களுக்கு ஒரு வேலை. அந்தப் பன்னிரண்டு பேரை ஒதுக்கி வையுங்கள். நாலு சாதாரணக் கப்பல்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஆறு நிமிஷத்தில் போய்ச் சேர வேண்டும். எதிரிக்கு அந்த நாலும்தான் குறி. ஒன்று உடைந்தாலும் ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். செய்துவிட்டுச் சொல்லுங்கள்.

பழைய_எக்ஸ்விங்:

தம்பி, தச்சன் சொன்னது சரி. ஆனால் அவர் கப்பலுக்கு வெளியே நடப்பதை மட்டும் சொல்கிறார். உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன வேலை?

நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில், சிம் லிம் சதுக்கத்தில் ஒரு 486 கணினி வாங்கினேன். 1993-இல் எக்ஸ்-விங், அடுத்த வருஷம் டை ஃபைட்டர். இரண்டும் ஸ்டார் வார்ஸ் விளையாட்டுகள், லாரன்ஸ் ஹாலண்டின் குழு லூகாஸ் ஆர்ட்ஸுக்காகச் செய்தவை. அந்த எக்ஸ்-விங்கில் லேசருக்கு அதிகச் சக்தி கொடுத்தால் கப்பல் மெதுவாகும். ஷீல்டுக்கு, அதாவது கப்பலைச் சுற்றியுள்ள காப்புக்கு, கொடுத்தாலும் அப்படியே. முன்பக்க ஷீல்டு போய்விட்டால் பின்பக்கத்திலிருந்து இழுத்து முன்னால் வைக்கலாம், ஆனால் அப்போது முதுகு வெறுமை. ஒரு பெரிய கப்பலை நோக்கிப் போகிற இருபது வினாடியில் இப்படி மூன்று தடவையாவது கை மாற்றும். சுடுவதை விட இதுதான் எனக்குச் சண்டையாக இருந்தது. பட்டறையில் பம்ப் அறையில் நிற்கும்போதும் இதே கணக்குதான் மனசில் ஓடும், எதைத் திறந்தால் எங்கே அழுத்தம் குறையும் என்று.

ஃப்ரீஸ்பேஸும் இதை அப்படியே வாங்கிக்கொண்டது: ஆயுதம், ஷீல்டு, எஞ்சின் என்று மூன்று பட்டைகள், ஷீல்டில் நாலு பக்கம். அந்த வகையில் அதுவே டை ஃபைட்டருக்கு நல்ல வாரிசு. 2020 அக்டோபரில் வந்த ஸ்டார் வார்ஸ் ஸ்குவாட்ரன்ஸ் இந்த ஒரு விஷயத்தை அருமையாகச் செய்தது. காக்பிட்டுக்குள் இருந்து மட்டும்தான் பார்க்க முடியும், சக்தியைப் பங்கிடாமல் ஒரு நிமிஷம் தாங்க முடியாது. என் மகனோடு சேர்ந்து ஆசையாக ஆடினேன். ஆனால் அதன் மனசு ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதலில்தான் இருந்தது. கதை மிஷன்கள் முடிந்ததும் எனக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

டை ஃபைட்டரில் இன்னொன்றும் உண்டு, அதை யாரும் சரியாக எடுத்துச் செய்யவில்லை. ஒரு மிஷனுக்கு முக்கிய இலக்கு, துணை இலக்கு இரண்டும் சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல் சொல்லாத இலக்குகள் இருக்கும். மிஷன் விளக்கம் நடக்கிற இடத்தில் முக்காடிட்ட ஒருவர் தனியாக நிற்பார். அவரிடம் போய்ப் பேசினால் பேரரசருக்கு வேண்டிய வேறு ஒரு காரியத்தைச் சொல்வார். கப்பல்கள் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் போய் என்ன சரக்கு என்று சோதிப்பதிலேயே ஒரு மிஷன் பாதி போகும். சுடவே மாட்டோம். ஆனால் அடுத்த கப்பலில் என்ன இருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். சண்டை இல்லாத நேரத்தையும் செய்யுங்கள் தம்பி. சண்டைக்கு ருசி அதிலிருந்துதான் வருகிறது.

தூசி_மேகம்:

அண்ணா, நான் ஃப்ரீஸ்பேஸுக்கு வந்ததே 2021-இல்தான். அது வெளிவந்தபோது எனக்கு மூன்று வயது. அதனால் பழைய நினைவு என்று எதுவும் இல்லாமல் பேசுகிறேன்.

வாரிசு இனிமேல்தான் வர வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறீர்கள். எனக்குத் தெரிந்து ஏற்கனவே வந்துவிட்டது. வோலிஷன் 2002 ஏப்ரலில் இதன் மூல நிரலை வெளியே கொடுத்தது, லாப நோக்கம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று. அதை எடுத்து ஆர்வலர்கள் இன்றுவரை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். விங் கமாண்டர் சாகா என்கிற விளையாட்டு அதன் மேல் கட்டியதுதான், 2012-இல் இலவசமாக வந்தது, ஐம்பதுக்கும் மேற்பட்ட மிஷன்கள். அதே வருஷம் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா டிவி தொடரின் உலகை வைத்து டயஸ்போரா வந்தது. நான் உள்ளே வந்தது ப்ளூ ப்ளானட் என்கிற ஆர்வலர் கதைத்தொடர் வழியாக. முதல் ஃப்ரீஸ்பேஸின் முடிவில் பூமிக்குப் போகிற வழி மூடிப்போகிறது அல்லவா? ப்ளூ ப்ளானட் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறது. அதன் இரண்டாம் பகுதியில், நாம் இத்தனை நாள் யாருக்காகச் சண்டை போட்டோமோ அவர்களையே எதிர்த்துப் பறக்கிறோம். எந்தப் பக்கமும் கெட்டவன் இல்லை. ஒரு மிஷன் முடிந்து கணினியை அணைத்துவிட்டு மொட்டைமாடியில் போய் நின்றேன். வேறு எந்த விளையாட்டும் எனக்கு அப்படிச் செய்ததில்லை. இதைச் செய்தவர்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது.

மூன்றாம் பாகம் வராது என்பதும் ஏறக்குறைய நிச்சயம். 2000-இல் வோலிஷனை டிஹெச்க்யூ என்கிற விளையாட்டு வெளியீட்டு நிறுவனம் வாங்கியது. டிஹெச்க்யூ திவாலானபோது, 2013-இல், ஃப்ரீஸ்பேஸ் உரிமை இன்டர்ப்ளேவுக்குப் போனது. விலை 7,500 டாலர். படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணா, உங்கள் கம்பெனிகள் வாங்குகிற ஒரு தையல் மிஷின் வரிசைகூட இதைவிட அதிக விலை இருக்கும். 2023 ஆகஸ்டில் வோலிஷனையும் மூடிவிட்டார்கள். அதற்கு அப்புறமும் இந்த விளையாட்டு உயிரோடு இருக்கிறது என்றால் ஃப்ரெட்டும் மூல நிரலும் நம் கையில் இருப்பதால்தான்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது ஒன்று. உங்கள் மிஷன்களைச் சாதாரண உரைக் கோப்பாக வையுங்கள். ஃப்ரீஸ்பேஸ் மிஷன் கோப்பை நோட்பேடில் திறந்து படிக்கலாம், திருத்தலாம். நான் நிரல் எழுதக் கற்றதே அந்தக் கோப்புகளில் எண்களை மாற்றிப் பார்த்துத்தான். எடிட்டரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். நீங்கள் மூன்று பேரும் எதைக் கொண்டு மிஷன் செய்கிறீர்களோ அதையே எங்களுக்கும் கொடுங்கள்.

இன்னொன்று. எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லிவிடாதீர்கள். ஃப்ரீஸ்பேஸ் 2-இல் கலகக்காரர்களின் தலைவன் போஷ் ஷிவன்களோடு பேச ஒரு கருவி செய்தான், அவர்கள் வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏன்? ஒரு நட்சத்திரத்தை ஏன் வெடிக்கவைத்தார்கள்? இருபத்தைந்து வருஷமாக அதைப் பற்றி வாதம் நடக்கிறது. நானும் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆல்ஃபா_ஒன்று:

எல்லோருக்கும் நன்றி. பதில் சொல்லத் தாமதமானதற்குக் காரணம், தச்சன் கொடுத்த வேலை. மூன்று ஞாயிற்றுக்கிழமை அதற்கே போயிற்று.

நாலு மருத்துவக் கப்பல்கள், ஆறு நிமிஷப் பயணம். எதிரியைப் பன்னிரண்டிலிருந்து ஆறாகக் குறைத்தேன். நண்பர்கள் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. நான் எதையும் தொடாமல் உட்கார்ந்து பார்த்தபோது நாலில் ஒன்று தப்பித்தது. மறுபடி ஓட்டினேன், வேறு ஒன்று தப்பித்தது. பதினான்கு மாதத்தில் எங்கள் விளையாட்டை நான் வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான்.

கப்பல்களுக்குக் குரல் வேண்டியிருந்தது. மூன்றாவது கப்பலுக்கு என் மனைவி பேசினாள். "பின்பக்கக் கதவு மூடவில்லை, கொஞ்சம் பக்கத்திலேயே இருங்கள்." அவ்வளவுதான் வசனம். ஒரே தடவையில் பதிவு செய்தோம், பின்னால் குக்கர் சத்தம்கூட லேசாகக் கேட்கிறது. அதை எடுக்க மனசு வரவில்லை, எஞ்சின் சத்தத்தோடு கலந்துவிட்டது.

எக்ஸ்விங் ஐயா, மூன்று பட்டைகளும் வைத்துவிட்டேன். முதலில் ஷீல்டுக்கு எவ்வளவு கொடுத்தாலும் வேகம் குறையாமல் இருந்தது, அதனால் எல்லோரும் ஷீல்டையே நிரப்பிக்கொண்டு சும்மா இருந்தார்கள். நீங்கள் சொன்ன மாதிரி வேகத்தைக் குறைத்ததும் கை ஓயவில்லை. தூசி_மேகம் தங்கை, கோப்பு உரையாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு இந்த வாரமே அனுப்புகிறேன், போஷ் பற்றி எழுதியதை நீங்கள் அனுப்ப வேண்டும்.

அக்கா பையன் வந்தான். முதல் தடவை மூன்று கப்பல்கள் போயின. அதில் என் மனைவி பேசிய கப்பலும் ஒன்று. ஒன்றும் பேசாமல் மறுபடி ஆரம்பித்தான். அடுத்த தடவை அந்தக் கப்பலை விட்டு நகரவே இல்லை, அது பிழைத்தது, மற்ற மூன்றும் போய்விட்டன. மூன்றாவது தடவையில் இரண்டு பிழைத்தன. அப்போது என்னைத் திரும்பிப் பார்த்து, கூட வருகிற இரண்டு பேரிடம் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள் என்று சொல்ல வழி இல்லையா மாமா என்று கேட்டான். இல்லை. நாங்கள் அதைச் செய்யவே இல்லை.

தச்சன், கூட்டாளிகளுக்கு உத்தரவு கொடுப்பதை எங்கிருந்து ஆரம்பிப்பது?

மிஷன்_தச்சன்:

மூன்றே மூன்று உத்தரவு போதும் இப்போதைக்கு: என் இலக்கைத் தாக்கு, இந்தக் கப்பலுக்குக் காவல் நில், என்னோடு வா. ஃப்ரீஸ்பேஸில் சி விசையை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும், எண்ணைத் தட்டினால் முடிந்தது. பட்டியல் திறந்திருக்கும்போது சண்டையை நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். உத்தரவு வாங்கியவன் வாய் திறந்து 'சரி' என்று சொல்ல வேண்டும், அவன் செத்துவிட்டால் அந்தப் பெயர் பட்டியலிலிருந்து போய்விட வேண்டும். மருத்துவக் கப்பல் கோப்பை எனக்கும் அனுப்புங்கள். நாலாவது நிமிஷத்தில் ஒரு பெரிய கப்பலைக் கொண்டுவந்து பார்க்க ஆசையாக இருக்கிறது.